கவிழ்ந்தும் மூழ்காத படகுகள்

1912 மே 13. டைட்டானிக் மூழ்கி நான்கு வாரம் ஆகியிருந்தது. அட்லாண்டிக்கில் போய்க்கொண்டிருந்த ஓஷியானிக் என்ற பயணிகள் கப்பல், விபத்து நடந்த இடத்திலிருந்து சுமார் 200 மைல் தள்ளி ஒரு படகு தனியாக மிதப்பதைக் கண்டது. உள்ளே மூன்று சடலங்கள். அது டைட்டானிக்கின் ‘ஏ’ மடக்குப் படகு. எங்கல்ஹார்ட் வகையைச் சேர்ந்த இந்தப் படகுகளின் அடிப்பகுதியில் தக்கையும் இலவம்பஞ்சும் அடைத்திருப்பார்கள். பக்கச் சுவர் கித்தான் துணி. படகை இறக்கும்போது அதைத் தூக்கி நிறுத்திக்கொள்ள வேண்டும். கப்பல் காலடியிலிருந்து நழுவிக்கொண்டிருந்த அவசரத்தில் கித்தானை நிறுத்த யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. படகு விளிம்புவரை நீர் நிரம்பிய நிலையிலேயே மிதந்தது. உறைநிலைக்கும் கீழே குளிர்ந்திருந்த நீரில் முழங்கால்வரை நின்றபடி அதில் ஏறியவர்கள் விடியலுக்குக் காத்திருந்தார்கள். பலர் விறைத்து விழுந்தார்கள். அதிகாரி லோ இன்னொரு படகில் வந்து, உயிரோடிருந்த பத்துப் பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு, இறந்த மூவரை அங்கேயே விட்டுச் சென்றார்.

மிதக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை என்றால் இந்தப் படகு முழு மதிப்பெண் வாங்கிவிட்டது. ஆளில்லாமல், பராமரிப்பில்லாமல், வட அட்லாண்டிக்கில் நான்கு வாரம் மிதந்திருக்கிறது. அதை நம்பி ஏறியவர்களில் பாதிப்பேருக்கு அதனால் பயன் ஏதுமில்லை. சேதமடைந்தாலும் மூழ்காத உயிர்காப்புப் படகு என்ற தொழில்நுட்ப வரலாற்றின் சிக்கல் முழுவதும் இந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறது. நீரைவிட லேசான பொருளைப் படகுக்குள் அடைத்தால் படகு மூழ்காது என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. அந்தப் பொருளைப் படகின் எந்த இடத்தில் வைப்பது என்ற கேள்விதான் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளை விழுங்கியது.

இங்கிலாந்தில் இதற்கான முதல் காப்புரிமை 1785-ல் லண்டனில் குதிரை வண்டி செய்துகொண்டிருந்த லயனல் லூக்கின் என்பவருக்குக் கிடைத்தது. கடலோடு தொழில்தொடர்பு இல்லாத மனிதர். படகின் மேல்விளிம்பைச் சுற்றிப் பட்டையாகத் தக்கை, உள்ளே காற்றுப்புகா அறைகள், அடியில் கனத்த இரும்பு. லேசானது மேலே பக்கவாட்டில், கனமானது கீழே என்ற இந்த ஏற்பாட்டில் இன்றைய பொறியாளர் பெரிதாகக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் லூக்கினின் படகுக்கு அப்போது பெரிய வரவேற்பு இருக்கவில்லை.

வரவேற்பை உண்டாக்கியது ஒரு சாவு. 1789-ல் டைன் ஆற்று முகத்துவாரத்தில் அட்வென்சர் என்ற கப்பல் தரைதட்டியது. கரையில் பெருங்கூட்டம். கப்பல் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. பாய்மரக் கயிறுகளில் தொற்றியிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கடலில் விழுகிறார்கள். அந்த அலையில் படகு இறக்க யாருக்கும் துணிவில்லை. அதன்பின் சவுத் ஷீல்ட்ஸ் ஊர்ப் பிரமுகர்கள் நல்ல படகு மாதிரிக்கு இரண்டு கினி பரிசு அறிவித்தார்கள். தேவாலய எழுத்தரான வில்லியம் வூட்ஹேவ் தகரத்தில் ஒரு மாதிரி செய்து கொண்டுவந்தார். கவிழ்த்தால் தானே நிமிரும் படகு. குழு அவருக்குப் பாதிப் பரிசாக ஒரு கினி தர முன்வந்தது; மனிதர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். படகு கட்டும் வேலை ஹென்றி கிரேட்ஹெட்டுக்குப் போனது. 1790-ல் நீரில் இறங்கிய அந்தப் படகின் பெயர் ஒரிஜினல். சுமார் 30 அடி நீளம், இரு முனையும் கூர், கிட்டத்தட்ட 350 கிலோ தக்கை. 1802-ல் நாடாளுமன்றம் கிரேட்ஹெட்டுக்கு 1,200 பவுண்டு வழங்கியது. வூட்ஹேவ் ஏழையாகவே இறந்தார். யார் கண்டுபிடித்தது என்ற சண்டையை ஆங்கிலேயர்கள் நூறு வருடம் விடாமல் நடத்தினார்கள். நமக்கு முக்கியம் அதுவல்ல. தானே நிமிர்தல் என்ற வூட்ஹேவின் யோசனை ஒரிஜினலில் சேரவில்லை, தக்கை சேர்ந்தது. மூழ்காமை போதும் என்று அந்தக் குழு நினைத்தது.

அது போதாது என்பது அதே ஊரில் 1849 டிசம்பரில் தெரிந்தது. பிராவிடன்ஸ் என்ற மீட்புப் படகு 24 பேரோடு கவிழ்ந்தது. 20 பேர் இறந்தார்கள். அனைவரும் கப்பல்களுக்கு வழிகாட்டும் பைலட்டுகள், அந்த நீரை உள்ளங்கைபோல் அறிந்தவர்கள். நார்தம்பர்லாந்து பிரபு 100 கினி பரிசு அறிவிக்க, 1851-ல் 280 மாதிரிகள் வந்து குவிந்தன. யார்மவுத் நகரத்துப் படகு கட்டுநர் ஜேம்ஸ் பீச்சிங் வென்றார். வுல்விச் கப்பல்தளத்தின் ஜேம்ஸ் பீக் அதைச் செம்மைப்படுத்தினார். அணியத்திலும் பின்முனையிலும் உயரமான காற்றுப் பெட்டிகள், நடுவில் தாழ்ந்த பகுதி, அடியில் ஏராக்கட்டையோடு சேர்ந்த கனம். இப்படிப்பட்ட படகைக் கவிழ்த்தால் அது இரண்டு முனைப் பெட்டிகளின் மேல் நிற்கும், கனமான அடிப்பாகம் வானத்தைப் பார்த்திருக்கும். அந்த நிலையில் அதனால் நீடிக்க முடியாது. சிறு அலை தொட்டாலும் ஒருபக்கமாகச் சரிந்து நிமிர்ந்துவிடும். தளம் நீர்மட்டத்துக்கு மேலே இருந்ததால், உள்ளே வந்த நீர் ஒருவழி அடைப்புக் குழாய்கள் வழியாகத் தானே வடிந்துபோகும். வூட்ஹேவின் தகர மாதிரி அறுபது ஆண்டு கழித்துக் கரையேறிவிட்டது என்று சொல்லலாம்.

இங்கே ஒரு முரண்பாடு தலைகாட்டுகிறது. தலைகீழாக நிற்க முடியாத படகு வேண்டுமானால் அது ஒடுக்கமாக இருக்க வேண்டும். ஒடுக்கமான படகு நிமிர்ந்த நிலையிலும் சுலபமாக ஆடும், சுலபமாகக் கவிழும். அகலமான படகு கவிழ்வது அபூர்வம். ஆனால் ஒருமுறை கவிழ்ந்தால் தலைகீழாகவும் அதே உறுதியோடு அசையாமல் கிடக்கும். ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றை வாங்க முடியும். நார்ஃபோக், சஃபோக் கரைப் படகோட்டிகள் ‘நிமிரும் படகு’ எங்களுக்கு வேண்டாம் என்றே சொன்னார்கள். கவிழ்ந்தபின் நிமிர்வதைவிடக் கவிழாமல் இருப்பது மேல் என்பது அவர்கள் கட்சி. 1824-ல் தொடங்கப்பட்ட தேசிய உயிர்காப்புப் படகு நிறுவனம் அந்தந்த ஊர்க் குழுவின் விருப்பத்துக்கு இடம்கொடுத்து வந்தது. இதைப் பழமைவாதம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. படகில் உட்காரப்போகிறவன் அவன்தானே.

1886 டிசம்பர் 9 இரவு நிமிரும் படகின் மேல் இருந்த நம்பிக்கை உடைந்தது. லங்காஷயர் கரையில் மெக்சிகோ என்ற ஜெர்மன் கப்பல் தரைதட்ட, மூன்று ஊர்களிலிருந்து மூன்று மீட்புப் படகுகள் புறப்பட்டன. லித்தம் படகு 12 மாலுமிகளையும் மீட்டுத் திரும்பியது. சவுத்போர்ட் படகு கவிழ்ந்து, நிமிராமல், தலைகீழாகவே கரையொதுங்கியது. அதிலிருந்த 16 பேரில் இருவரே தப்பினர். செயின்ட் ஆன்ஸ் படகு மறுநாள் காலை தலைகீழாகக் கரையில் கிடந்தது. 13 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. ஆக, ஓரிரவில் 27 மீட்பாளர்கள். இரண்டு படகுகளும் மூழ்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்த ஆண்டு நிறுவனம் ஸ்காட்லாந்துக்காரரான ஜி. எல். வாட்சனைத் தன் கப்பல் வடிவமைப்பு ஆலோசகராக்கியது. பந்தயப் பாய்மரப் படகுகளால் பெயர் பெற்றவர். அவர் அகலத்தின் பக்கம் நின்றார். நீண்ட, அகன்ற, நிமிராத, ஆனால் கவிழ்ப்பதற்கு மிகக் கடினமான படகுகள். உள்ளே சிறு சிறு காற்றுப் பெட்டிகளை, மரத்தில் இழைத்து, துணி ஒட்டி, வண்ணம் பூசி, படகின் வளைவுக்கு ஏற்ப ஒவ்வொன்றாகச் செதுக்கி, இடைவெளி இல்லாமல் அடுக்கினார்கள். பாறை ஒரு பலகையை உடைத்தால் நாலு பெட்டி போகும்; மீதமுள்ளவை தாங்கும். சேதத்தைத் தாங்குவதில் இதற்கு நிகர் அக்காலத்தில் இல்லை. வாட்சன் பெயரிலான வகைகள் எழுபது எண்பது ஆண்டுகள் பிரிட்டிஷ் கரைகளில் உழைத்தன, ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றின.

அந்தப் பெட்டிகள் பக்கவாட்டில் அடுக்கப்பட்டதற்குத் தூக்கிப் பிடிப்பதைத் தாண்டி இன்னொரு காரணம் உண்டு. சேதமான படகை மூழ்கடிப்பது நீரின் எடை. கவிழ்ப்பது நீரின் ததும்பல். தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றித் தூக்கிக்கொண்டு நடந்து பாருங்கள்: கொஞ்சம் சாய்ந்தால் நீர் முழுவதும் அந்தப் பக்கம் ஓடிச் சாய்வை அதிகமாக்கும். படகிலும் அதேதான். இந்தக் கேடு நீரின் அளவைவிட நீர்ப்பரப்பின் அகலத்தையே பெரிதும் பொறுத்தது, அதுவும் அகலத்தின் மும்மடிப் பெருக்கமாக. 2 மீட்டர் அகலத்தில் ததும்பும் நீரை 1 மீட்டருக்குச் சுருக்கினால் அதன் கவிழ்க்கும் வலு எட்டில் ஒன்றாகிவிடும். இரு பக்கமும் பெட்டி அடுக்கினால் நடுவில் நீருக்குக் கிடைப்பது ஒரு குறுகிய ஓடை. அதே பெட்டிகளைத் தரைக்கு அடியில் போட்டுப் பாருங்கள். படகு மூழ்காது, ஆனால் நீர் நிறைந்ததும் அடியிலுள்ள மிதப்பு மேலே வரத் துடிக்கும், படகு புரண்டுவிடும். மிதக்கும் பொருளின் அளவு இரண்டிலும் ஒன்றே.

1901-ல் கெய்ஸ்டர் ஊரில் பியூச்சம்ப் என்ற அகலப் படகு கரையலையில் கவிழ்ந்து, அடியில் சிக்கி ஒன்பது பேர் இறந்தபோது வாதம் மறுபடி கிளம்பியது. கிளம்பி அடங்கியது. பெரிய திருப்பம் வர 1969 ஆக வேண்டியிருந்தது.

அந்த மார்ச் 17 அன்று ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் லாங்ஹோப் படகு பெரும்புயலில் ஒரு கப்பலுக்கு உதவப் போனது. வாட்சன் வகை, 47 அடி, எட்டுப் பேர். மறுநாள் படகு தலைகீழாக மிதந்துகொண்டிருக்கக் கண்டார்கள். எட்டுப் பேரும் இறந்திருந்தார்கள். படகைக் கட்டியிழுத்து வந்து, பழுதுபார்த்து, அயர்லாந்தின் ஆரன்மோர் தீவில் மறுபடி பணிக்கு அனுப்பினார்கள். அங்கே அது பல ஆண்டுகள் ஓடியது. இன்று ஸ்காட்லாந்து அருங்காட்சியகம் ஒன்றில் இருக்கிறது. இதைப்போல் கசப்பான சான்று வேறு வேண்டியதில்லை. ஓராண்டு முடிவதற்குள், 1970 ஜனவரியில், ஃப்ரேசர்பர்க் படகு கவிழ்ந்து ஆறு பேரில் ஐவர் போனார்கள். அதுவும் வாட்சன் வகையே. இனி எல்லாப் படகும் நிமிரும் படகாக இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு நிறுவனம் வந்தது.

வாட்சன் கண்ட முரண்பாடு அப்போது எங்கே போனது? அதைத் தீர்த்தது தளத்துக்கு மேலே இருந்த அறை. பழைய துடுப்புப் படகில் தளத்துக்கு மேல் ஒன்றுமில்லை. எஞ்சின் வந்தபின் எழுந்த ஓட்டுநர் அறையை நீர்புகாதபடி அடைத்துவிட்டால் அதுவே ஒரு பெரிய காற்றுப் பெட்டி. படகு கவிழும்போது அந்த அறை நீருக்குள் போகும்; காற்று அதை வெளியே தள்ளும்; அகலமான படகும் நிமிரும். அகலத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. 1971-ல் வந்த ஆருன் வகை இந்தக் கொள்கையில் கட்டப்பட்டது. பழைய வாட்சன், பார்னெட் வகைகளின் முதுகில் சுருட்டிய காற்றுப் பைகளைப் பொருத்தினார்கள். கவிழ்ந்தால் பை ஊதிப் பெருத்து ஒருபக்கமாகப் படகைத் தள்ளிவிடும். 1979 நவம்பர் 18 அன்று டென்மார்க் கப்பல் ஒன்றுக்கு உதவப் போன ஐலே தீவுப் படகும் பாரா தீவுப் படகும் அதே இரவில் கவிழ்ந்தன. முதலாவது இதே கொள்கையில் கட்டிய தேம்ஸ் வகை, தானாக நிமிர்ந்தது. இரண்டாவது பழைய பார்னெட், காற்றுப் பை நிமிர்த்தியது. ஒருவரும் சாகவில்லை. 1886-ல் ஓரிரவில் இரண்டு படகு, 1979-ல் ஓரிரவில் இரண்டு படகு. நடுவில் 93 ஆண்டுகள்.

இந்த முன்னேற்றத்துக்கும் எல்லை உண்டு. 1981 டிசம்பரில் கார்ன்வால் கரையில் பென்லீ படகு எட்டுப் பேரோடு நொறுங்கியது. மரத்துண்டுகளாகக் கரையொதுங்கிய படகை எந்த மிதப்புக் கணக்கும் காப்பாற்றியிருக்காது.

மீட்புப் படகில் போகிறவர்கள் பயிற்சி பெற்ற சிலர். கப்பலில் தொங்கும் உயிர்காப்புப் படகில் ஏறப்போகிறவர்கள் பதறிப்போன பலர். அதற்கான விதிகளைச் சர்வதேசக் கடல்சார் அமைப்பின் உயிர்காப்புக் கருவிகள் விதித்தொகுப்பு வகுத்திருக்கிறது. படகு முழுவதும் நீர் நிறைந்து கடலுக்குத் திறந்து கிடந்தாலும், தன் சாமான்களோடு மிதக்க வேண்டும். அதற்குமேல் ஆளுக்கு 280 நியூட்டன் மிதப்புவிசை தனியாக வேண்டும். இதற்குப் பயன்படும் பொருள் கடல்நீராலும் எண்ணெயாலும் கெடக்கூடாது. இதில் சும்மா அடைபட்ட காற்றைக் கணக்கில் சேர்க்க முடியாது, காரணம் காற்று கசியும். டைட்டானிக்கின் ‘பி’ மடக்குப் படகு தலைகீழாக நீரில் விழ, அதன் முதுகில் சுமார் முப்பது பேர் ஏறி நின்றார்கள். அடியில் சிக்கிய காற்று கொஞ்சங்கொஞ்சமாக வெளியேற, படகு தாழ்ந்துகொண்டே வந்தது. அதிகாரி லைட்டோலர் அவர்களை இரண்டு வரிசையாக நிறுத்தி, ஒவ்வொரு அலைக்கும் இடப்பக்கம் சாய், வலப்பக்கம் சாய் என்று கட்டளையிட்டு விடியும்வரை தாக்குப்பிடித்தார். மனிதர்களே அந்தப் படகின் சமநிலைக் கருவி.

280 நியூட்டன் எவ்வளவு? ஏறத்தாழ 28.5 கிலோ எடையைத் தூக்கும் விசை. சரக்குக் கப்பல் படகுகளில் ஓர் ஆளின் எடையை 82.5 கிலோ என்று கணக்கிடுகிறார்கள். மனித உடல் நீரில் கிட்டத்தட்டத் தானே மிதக்கும் என்பதால், இந்த விசை ஆளின் எடையில் மூன்றில் ஒரு பங்கை நீருக்கு மேலே வைத்திருக்கும்: தலை, தோள், மார்பின் ஒரு பகுதி. ஃபோமில் சொன்னால் ஆளுக்குச் சுமார் 29 லிட்டர். 60 பேர் படகுக்கு ஆட்களுக்கு மட்டுமே 1.7 கன மீட்டர் ஃபோம் வேண்டும். படகின் உடல் தனிக்கணக்கு. ஒரு டன் ஃபைபர்கிளாஸ் கடல்நீருக்குள் சுமார் 360 கிலோதான் கனக்கும். ஒரு டன் இரும்பு 870 கிலோ கனக்கும். அதனால் எஞ்சினின் ஒவ்வொரு கிலோவும் ஓட்டின் ஒரு கிலோவைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஃபோம் கேட்கும். அதுவும் எஞ்சின் இருக்கும் பின்பகுதியிலேயே கேட்கும். இல்லாவிட்டால் நீர் நிறைந்த படகு செங்குத்தாக நின்றுவிடும்.

முழுதும் மூடிய படகு ஓட்டையோடு கவிழ்ந்தாலும், ஆட்கள் வெளியேற நீருக்கு மேலே ஒரு வழி கிடைக்கும் நிலைக்குத் தானே வந்து சேர வேண்டும் என்றும் விதி சொல்கிறது. ஓட்டையில்லாமல் கவிழ்ந்தால் முழுதாக நிமிர வேண்டும், எல்லோரும் இருக்கைப் பட்டை அணிந்திருந்தால். இந்தக் கடைசி நிபந்தனையைப் பலர் கவனிப்பதில்லை. படகு தலைகீழாகும்போது பட்டை போடாத அறுபது பேர் கூரைமேல் விழுந்தால் சுமார் ஐந்து டன் எடை தவறான இடத்துக்குப் போய்விடும். பிறகு நிமிர்வதற்கு வழியில்லை. பட்டை ஆளைக் காப்பதைவிடப் படகைக் காக்கிறது.

உள்ளீடற்ற கூடாக இல்லாமல் திடமான மிதப்பாகவே படகு இருக்கட்டும் என்ற யோசனை நம் கரைக்குப் புதிதல்ல. கட்டுமரத்துக்கு உள் என்பதே கிடையாது. அலை மேலேறிக் கட்டைகளின் இடுக்கில் வழிந்துவிடும். கவிழ்ந்தால் புரட்டிப்போட்டு ஏறிக்கொள்வார்கள். இன்று அதே வடிவத்தை ஃபைபரில் செய்து உள்ளே தெர்மகோல் அடைக்கிறார்கள். அமெரிக்காவில் 1958-ல் ரிச்சர்ட் ஃபிஷர் விற்கத் தொடங்கிய பாஸ்டன் வேலர் படகுகளில் இரண்டு ஃபைபர் ஓடுகளுக்கு நடுவே ஃபோம் நிரம்பியிருக்கும். 1961-ல் லைஃப் இதழில் வந்த படங்களில், தொப்பியும் கோட்டுமாக ஃபிஷர் படகில் உட்கார்ந்திருக்க, அதை நடுவில் ரம்பத்தால் அறுக்கிறார்கள். எஞ்சின் உள்ள பாதியை அவர் ஓட்டிக்கொண்டு போகிறார். விளம்பரம்தான், ஆனால் பொய்யில்லை.

விளம்பரம் காட்டாத பகுதி பிறகு வருகிறது. ஃபோம் மூப்படையும். ஓட்டில் விழுந்த சிறு கீறல், திருகாணித் துளை, வெயிலில் வெடித்த பூச்சு என்று எங்கிருந்தோ ஈரம் இறங்கும். வருடக்கணக்கில் ஃபோமின் நுண்ணறைகளுக்குள் ஊறும். பாலியூரித்தேன் மெல்ல நீர் குடிக்கும். தெர்மகோலுக்குப் பெட்ரோல் பட்டால் கரைந்தே போகும். மேலே சொன்ன 60 பேர் படகின் 1.7 கன மீட்டர் ஃபோமில் கால் பங்கு இடத்தை நீர் பிடித்தால் 400 கிலோவுக்கு மேல் மிதப்பு காணாமல் போய்விடும், 15 பேருக்கான ஒதுக்கீடு. படகு அப்போதும் வெளியே பளபளப்பாகத்தான் தொங்கும்.

படகில் நீர் நிரப்பிப் பார்க்கும் சோதனை, கவிழ்த்துப் பார்க்கும் சோதனை எல்லாம் அந்த வகையின் மாதிரிப் படகுக்கு ஒருமுறை நடப்பவை. அதன்பின் இருபது இருபத்தைந்து ஆண்டு கப்பலில் தொங்கும் படகை யாரும் நீரால் நிரப்பிப் பார்ப்பதில்லை. ஆய்வுகளின் கவனம் இறக்கும் கருவிகள் மீதும் கொக்கிகள் மீதும் இருக்கிறது. அதற்குக் காரணமும் உண்டு. பிரிட்டனின் கடல் விபத்துப் புலனாய்வுப் பிரிவு 2001-ல் வெளியிட்ட ஆய்வின்படி, அதற்கு முந்தைய பத்தாண்டில் உயிர்காப்புப் படகு விபத்துகளில் 12 கடலோடிகள் இறந்தார்கள், 87 பேர் காயமடைந்தார்கள். பெரும்பாலும் பயிற்சியின்போது. கொக்கிகளைச் சரிபார்ப்பது கட்டாயமானது நியாயமே. ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் விரிவான ஆய்வில் படகை 1.1 மடங்கு சுமையோடு தொங்கவிட்டுக் கொக்கியைச் சோதிக்கிறார்கள். அதே நேரத்தில், சுமை ஏற்றுவதற்குமுன், வெறும் படகின் எடையை அந்தக் கொக்கியிலேயே ஓர் எடைமானி மாட்டிக் குறித்துக்கொண்டால் போதும். தொழிற்சாலைச் சான்றிதழில் உள்ள எடையோடு ஒப்பிட்டால், ஃபோம் எத்தனை கிலோ நீர் குடித்திருக்கிறது என்று சில நிமிடங்களில் தெரிந்துவிடும்.